நாக்கில் ஒட்டாத பீங்கான்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் முதலில் ஒரு கேள்வி. உங்களில் யாராவது உடைந்த பீங்கானை நக்கிப் பார்த்திருக்கிறீர்களா? முகத்தைச் சுளிக்காதீர்கள். நானும் பத்தொன்பது வருடம் அப்படித்தான் சுளித்தேன். அந்தச் சுளிப்பால் இந்தத் திருவொற்றியூர் யூனிட்டில் தொண்ணூறு பேருடைய வேலை போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். இப்போது நினைத்தாலும் கை பரபரவென்கிறது!

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டது நீங்கள்தான். அதனால் நடுவில் கொட்டாவி விடக் கூடாது. எந்தப் பொருள் எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம் அரைக்க வேண்டும் என்பதெல்லாம் ஃபைலில் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளுங்கள். ஃபைலில் இல்லாததை மட்டும் நான் சொல்கிறேன்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். கெமிஸ்ட்ரி படித்த கையோடு இங்கே லேபில் சேர்ந்தேன். லேப் மாடியில், மண் பிசைவது, வடிவம் பிடிப்பது, சுடுவது எல்லாம் கீழே. மாடியில் நான் இலக்கணமாகப் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் வியாசர்பாடி வாயிலிருந்து தானாக வந்துவிடும். கீழே இருந்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "லேபம்மாக்கு ஊரு பாஷ வந்துட்ச்சு, ஒதுங்கிக்கபா" என்று சிரிப்பார்கள்.

பதினாறு பதினேழு வருடம் இருக்கும். மழைக்காலம் தொடங்குகிற நேரம். ஒரு நாள் காலை சூளையைத் திறந்தால், கரண்ட் கம்பத்தில் மாட்டுவதற்காகச் சுட்ட பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் கைப்பிடி அளவு செங்கல் துண்டு ஒன்று விழுந்து கிடக்கிறது. சூளையின் வளைவுக் கூரையிலிருந்து விழுந்தது. சூளை கட்டுகிற மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அவர் உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார், வெளியே வந்து தலையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார். "இன்னொரு தபா ஆயிரத்து முந்நூறு டிகிரி ஏத்துனீங்கன்னு வெச்சிக்க, கூரை அப்டியே உங்க சரக்கு மேல குந்திக்கும். ஆயிரத்து இருநூறுன்னா இன்னும் பல வருசம் தாங்கும்" என்றார்.

முதலாளி மறுநாள் வந்தார். புதுச் சூளை கட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை. சூளைக்கு முன்னால் நின்றபடி என்னைப் பார்த்து, "பொங்கலுக்குள்ள நூறு டிகிரி கம்மியில சுட்டுக் காட்டுங்க. முடியலன்னா பொங்கலோட மூடிடலாம். சரக்கை வெளியிலேர்ந்து வாங்கி வித்துக்கறேன்" என்றார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான் மீட்டிங்.

எல்லார் முகமும் தொங்கிப் போயிற்று. எனக்கு மட்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளே ஒரே குதூகலம்! அத்தனை வருடமாக நான் செய்ததெல்லாம் அடுத்தவர் எழுதி வைத்த ஃபார்முலாவுக்குக் காவல் காத்ததுதான். இப்போது ஒருவர் வந்து, புது மண்ணை நீயே உண்டாக்கு என்கிறார். பஸ்ஸில் ராயபுரம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். பீங்கான் மண்ணில் சைனா கிளே, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றும் இருக்கின்றன. சூட்டில் உருகி, மற்றவற்றுக்கு நடுவே உள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை அடைப்பது ஃபெல்ஸ்பார். ஓட்டை அடைபட்டால் தண்ணீர் இறங்காது. அடைபடாவிட்டால் மழையில் இன்சுலேட்டர் தண்ணீரைக் குடிக்கும், மின்சாரம் கம்பத்தில் இறங்கும், கம்பத்தைத் தொட்டவன் செத்துப் போவான். சூட்டைக் குறைத்தால் உருகுவது குறையும். அப்படியென்றால் ஃபெல்ஸ்பாரைக் கூட்டு, கிளேயைக் குறை, உருக்கத்துக்குத் துணையாகக் கொஞ்சம் டால்க், அதாவது மாக்கல் பவுடர் போடு. கேட்க எளிதாக இருக்கிறதா? ஒரு பிடி கூடினால் துண்டு வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி குனிந்து விடும். ஒரு பிடி குறைந்தால் தண்ணீர் குடிக்கும். நடுவில் நூல் பிடித்த மாதிரி ஓர் இடம். அதைத் தேட வேண்டும்.

தேடினேன் பாருங்கள்! லேபின் சின்ன கரண்ட் அடுப்பு ஓயவே இல்லை. இரும்பு அச்சில் மண்தூளைப் போட்டு அழுத்தி, விரல் நீளத் துண்டுகளாக எடுத்து, சுட்டு, உடைத்து, சிவப்புச் சாயத்தில் அழுத்தத்தோடு ஊற வைத்து, மறுபடி உடைத்துப் பார்ப்பேன். உள்ளே சிவப்பு இறங்கியிருந்தால் குப்பை. சிவப்பு, சிவப்பு, குனிந்தது, சிவப்பு, கொப்புளம், சிவப்பு. நாற்பத்தோராவது கலவையை உடைத்தேன். வெள்ளை! சும்மா வெள்ளை இல்லை, வெளுத்து உலர்த்திய வேட்டி வெள்ளை! கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினேன், ஒரு செருப்பு நடுப்படியிலேயே நின்றுவிட்டது.

கீழே முதலில் அகப்பட்டவர் ஏழுமலை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக் மில் அவருடையது. மண்ணைப் பிசைந்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, உருளையாகத் தள்ளுமே அந்த மெஷின். எண்ணூர் பக்கத்துக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பி எல்லாம் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் மண்ணுக்கு வந்தார். என் வயதுதான். முதலாளியைத் தவிர யாராக இருந்தாலும் நீ, வா, போ. ஒவ்வொரு தடவை சூளை திறக்கும்போதும் ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "வெந்த பீங்கான் நாக்குல ஒட்டாதும்மா. வேவலன்னு வெச்சிக்க, கப்புனு புட்ச்சிக்கும்" என்பார். நான், "சீ, கலீஜ்! லேப் எதுக்கு இருக்கு?" என்று கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே துண்டை என் பக்கம் நீட்டுவார். பத்தொன்பது வருடமும் இதே நாடகம்.

அன்றைக்கு நான் கொண்டு போன புது மண்ணை அவர் விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தார். உருட்டி, வளைத்துப் பார்த்தார்.

"சோக்கா கீதும்மா. ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் அப்புறம்! நாளைக்கு மெஷினைக் கழுவி, பழைய மண் ஒரு பொட்டு இல்லாம, புது மண்ணை மட்டும் ஓட்டுங்க. எழுதியே குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டேன். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த நோட்டில் என் தப்பு எது என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

பெரிய சூளையில் முதல் லாட், ஆயிரத்து இருநூறில். திறந்த அன்று நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளியே பார்க்க எல்லாம் பளபளவென்று அழகாகத்தான் இருந்தன. அன்றைக்கு ஏழுமலையை நாக்கில் வைக்க விடாமல், பத்தை எடுத்து நானே உடைத்துச் சாயத்தில் போட்டேன். சாயங்காலம் மறுபடி உடைத்தேன். வெள்ளைக்கு நடுவே கோடு கோடாகச் சிவப்பு! ஒன்றில் இல்லை, பத்திலும். 

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "லேப்ல வெள்ளையா வந்தது கீழ போனா எப்படி சிவக்கும்? யாரோ வேணும்னே பண்ணியிருக்கான் மேடம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள யாருன்னு எழுதிக் குடுங்க. ஆளைத் தூக்கிட்டா முதலாளிகிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒரு பதில் இருக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். நேராகக் கீழே போனேன். வியாசர்பாடி வந்துவிட்டது.

"இன்னாய்யா எடை போட்ட நீ? தொண்ணூறு பேரு பொழப்புல மண்ண போட்டுட்டியே! கண்ண மூடிகினு அள்ளிக் கொட்டுனியா?"

"கிராம் கூட சுத்தமா போட்டேன், கத்தாத" என்றார் ஏழுமலை. சாயத்தில் போடாத உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, உடைந்த பக்கத்தை நாக்கில் வைத்தார். கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைத்தார். முகம் மாறியது. "இன்னாம்மா இது, பேஜாரா கீது. இங்க ஒட்டுது, இங்க ஒட்டல. ஒரே துண்டுல ரெண்டு மண்ணு கீற மாதிரி கீது."

"கலீஜ்!" என்று கத்திவிட்டு மாடி ஏறிவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தைதான். ஒரே துண்டில் இரண்டு மண். சாயம் சொன்னதும் அதுதானே! சிவப்பு துண்டு முழுக்க இல்லை, கோடு கோடாகத்தானே இருந்தது! ஒரு மண் வெந்திருக்கிறது, இன்னொரு மண் வேகவில்லை. நான் கொடுத்தது ஒரு மண். இன்னொன்று எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலை ஏழு மணிக்கு, முதல் ஷிப்ட் தொடங்கும்போது பக் மில் பக்கத்தில் போய் நின்றேன். லேப் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். பத்தொன்பது வருடத்தில் அந்த நேரத்தில் நான் அங்கே நின்றதே இல்லை. தண்ணீர் பிழிந்த புது மண் பலகை பலகையாக வந்தது. ஏழுமலை மெஷினில் போட்டார். பிறகு இடது பக்க மூலைக்குப் போனார். அங்கே ஈரக் கோணி போர்த்திய ஒரு குவியல். கோணியை விலக்கினார், மண்வெட்டியால் மூன்று வெட்டு வெட்டினார், கொண்டுவந்து புது மண்ணோடு சேர்த்தார். கை தானாகச் செய்கிற வேலை அது.

"நில்லு! இது இன்னாது?"

"தாய் மண்ணு" என்றார், நான் சூரியனைக் காட்டி இது என்ன என்று கேட்ட மாதிரி பார்த்துக்கொண்டு. "நேத்து மண்ணு, முந்தாநாத்து மண்ணு, போன மாச மண்ணு எல்லாம் ஊறிகினு கீது. புது மண்ணுல இத்த ரெண்டு மூணு வெட்டு போட்டாத்தான் மண்ணு ஒண்ணுக்கொண்ணு புட்ச்சிக்கும். தோசைக்கு மாவு கரைக்கசொல்ல பழைய மாவு ஒரு கரண்டி ஊத்துவல்ல, அது மாரி."

 ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருடமும் கீழே வருவேன். அந்தக் கோணிக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மெஷினுக்கு வைக்கப்போய்க் கை தவறிச் சிந்தியது என்று நினைத்திருந்தேன்! கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அந்த மூன்று வெட்டு நடக்கிறது. எந்தக் காகிதத்திலும் அது இல்லை. பழைய மண்ணும் புது மண்ணும் ஒரே ஃபார்முலாவாக இருந்தவரை ஒரு கெடுதலும் இல்லை. இப்போது புது மண்ணுக்கு ஆயிரத்து இருநூறு போதும், தாய் மண்ணுக்கு ஆயிரத்து முந்நூறு வேண்டும். அதுதான் வேகாமல் கோடு கோடாக நின்றது.

"பழைய மண் கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்தேன்ல? மெஷினைக் கழுவுனியா இல்லியா?"

"கழுவுனேன். பழைய மண்ணுன்னா மெஷின்ல ஒட்டிகினு கீறதுன்னு நெனச்சேன். தாய் மண்ண யாராவது வேணான்னுவாங்களா? அதுவும் நீ குட்த்த மண்ணுக்கு? அதுல ஜவ்வே இல்லியேம்மா! அத்த சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன், நீ எங்க கேட்ட? ஆனா ஆவன்னான்னுட்டு செருப்ப தேடிகினு ஓடிட்ட."

பின்னால் ஒரு சிரிப்பு. கன்னியம்மா. வடிவம் பிடிக்கிற மெஷினில் இருந்தவள், என்னோடு பகலில் சோறு தின்கிற தோழி. "வா, காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தாய் மண் சேர்க்காத என் புது மண்ணில் ஒரு உருண்டை எடுத்து மெஷினில் வைத்துச் சுழற்றினாள். ஓரம் பொலபொலவென்று பிய்ந்து அவள் மடியில் விழுந்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும் பிளந்துகொண்டது. "பாத்துக்க. இந்த மண்ணுல ஒரு கப்பு கூட நிக்காது. அந்தாளு மூணு வெட்டு போட்டதாலதான் ஏதோ நின்னுச்சு. இல்லன்னா சூளைக்கு ஒண்ணியுமே போயிருக்காது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லேபில் நான் செய்த துண்டுகள் எல்லாம் இரும்பு அச்சில் அழுத்தியவை. உலர்ந்த தூளைக்கூட அழுத்தினால் அச்சில் நின்றுவிடும். சுழலும் மெஷினில் ஒரு கை இழுக்கும்போது மண் எப்படி நடந்துகொள்ளும் என்று நாற்பத்தொரு கலவையில் ஒன்றையாவது நான் பார்த்தேனா? இல்லை. ஃபெல்ஸ்பாரைக் கூட்டக் கூட்டக் கிளே குறைந்தது, கிளே குறையக் குறையக் குழைவு போய்விட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! வெள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் அதை மறந்தே போனேன்.

மணி பதினொன்று. மத்தியானத்துக்குள் மேனேஜருக்குப் பெயர் வேண்டும். இப்படி ஒரு மணி நேரம் உங்களுக்கும் ஒரு நாள் வரும். அதனால்தான் இதை நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன். உண்மையான ஒரு பெயர் என் கையில் இருந்தது. எழுத்தில் கொடுத்த உத்தரவை ஏழுமலை மீறியிருந்தார், அதில் பொய்யே இல்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவர் வெளியே, நான் பத்திரம். ஆனால் அவர் போனபிறகு அடுத்த லாட் மெஷினிலேயே உதிர்ந்திருக்கும், பொங்கலோடு எல்லாரும் வெளியே. எனக்கு வேண்டியது பெயரா, மண்ணா? பேனாவை மூடி மூடித் திறந்தேன். பயமாக இருந்தது. என் சம்பளத்தில்தான் அப்போது வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் மூன்றே வரி எழுதினேன். லேப் கொடுத்த கலவையில் குழைவு இல்லை. அதை லேப் சோதிக்கவில்லை. தவறு லேப் பொறுப்பாளருடையது.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "மேடம், இது உங்க தலைக்கே வந்துடும்."

"வரட்டும் சார். எனக்கு இன்னொரு லாட் வேணும். ஏழுமலையும் கன்னியம்மாவும் என்னோட வேணும்."

பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. உலர வைக்க, சுட, ஆற விட என்று நாட்களைக் கழித்தால், மண்ணுக்குக் கையில் நின்றது எட்டே நாள். குழைவுக்காக நான் பென்டோனைட் என்கிற பசைக் களிமண் ஒரு சிட்டிகை சேர்த்தேன். மெஷினில் வைத்தால் முன்னைக்குத் தேவலை, ஆனால் போதவில்லை. இன்னும் கூட்டினால் உலரும்போது வெடிக்கும். மூன்று பேரும் குவியலுக்கு முன்னால் நின்றோம். ஏழுமலைதான் சொன்னார்.

"புது மண்ணுக்குப் புது மண்ணுலியே ஒரு தாயப் போட்டுட்டா?"

"ஊறறதுக்கு மாசக்கணக்கா ஆவுமே, ஏழுமல!"

"குளுருல வெச்சா ஆவும். உலர்த்துற ரூமு பின்சொவுரு கதகதன்னு கீது. அங்க வெச்சா சீக்கிரமா ஊறாது?"

"நீச்சுத்தண்ணி ஊத்து" என்றாள் கன்னியம்மா. "எங்க வூட்ல மூணு நாள் புளிச்சது கீது. எடுத்தாறேன்."

நான் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டேன். புளிப்பு மண்ணைப் பக்குவப்படுத்தும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது! படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்! மறுநாள் பழைய சோற்றுத் தண்ணீர் ஒரு குடம் வந்தது. அதற்கு மறுநாள் நாலு வீட்டிலிருந்து நாலு குடம். ஈரக் கோணி போர்த்தி, சுவரை ஒட்டிப் புதுக் குவியலை வைத்தோம்.

அதற்கு முன் பழையதைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. ஏழுமலை வேறு யாரையும் தொட விடவில்லை. அவரே வெட்டி, அவரே வண்டியில் ஏற்றினார்.  பிறகு மெஷினைக் கழற்றி மூன்று முறை கழுவினார். நான் உள்ளே முழங்கை வரை கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். சுத்தம்.

ஐந்தாம் நாள் குவியல் நாறத் தொடங்கியது. ஐயோ, அந்த நாற்றம்! நம் பக்கத்து ஆட்களைத் தெரியுமே, காற்றில் வருகிற வாடையை வைத்தே எந்தப் பக்கத்து ஃபேக்டரி, என்ன சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். அவர்களே குழம்பிப் போனார்கள். மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "எந்தக் கம்பெனி கேஸ் இது?" என்றார். "நம்ம கம்பெனிதான் சார்!" என்று கன்னியம்மா பெருமையாகச் சொன்னாள். ஏழாம் நாள் ஒரு பிடி எடுத்துக் கயிறாகத் திரித்து, ஏழுமலை தன் சுட்டுவிரலில் மோதிரமாகச் சுற்றினார். பிளக்கவில்லை. எட்டாம் நாள் கன்னியம்மாவின் மெஷினில் மண் இழுத்த இழுப்புக்கு வந்தது. நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

அன்றைக்குத்தான் ஃபார்முலா தாளில் ஆறாவது வரியைச் சேர்த்தேன். உங்கள் லேப் சுவரில் இப்போதும் தொங்குகிறது, நிமிர்ந்து பாருங்கள். முதல் ஐந்து வரிக்குச் சதவீதம் இருக்கும். ஆறாவதில் "தாய் மண்: பக் மில்காரர் சொல்லும் அளவு" என்றுதான் இருக்கும். எத்தனை ஆடிட்டர் வந்து அந்த வரிக்கு நம்பர் கேட்டார்கள்! கீழே போய்ப் பக் மில்காரரைக் கேளுங்கள் என்று அனுப்பி வைத்தேன்.

இரண்டாவது லாட் சூளைக்குப் போனது. சூடு ஆயிரத்து இருநூறைத் தொட்டதும் மேனேஜர், "சேஃப்டிக்கு இன்னும் இருபது டிகிரி ஏத்திடலாமா மேடம்?" என்றார். பயத்தில் கேட்கிறார், எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்த இருபது டிகிரியில் என் மண் குனிந்துவிடும். "வேண்டாம் சார். அணைச்சிடுங்க" என்றேன். சொன்னபிறகு என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம்.

போகிப் பண்டிகைக்கு முதல் நாள் சூளையைத் திறந்தோம். முதலாளி சாயங்காலம் வருவதாகச் சொன்னவர், காலை பத்து மணிக்கே வந்து நின்றார். நான் அப்போதுதான் துண்டுகளைச் சாயத்தில் போட்டிருந்தேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணிக்குத் தெரியும் சார்."

"நான் பதினொரு மணிக்குக் கிளம்பணும். ஊருக்குப் போறேன், பொங்கல் முடிஞ்சுதான் வருவேன். மூடறதா வேணாமான்னு இப்பவே சொல்லிட்டுப் போயிடறேன். நீங்க சொல்லுங்க. வெந்திருக்கா, வேகலையா?"

தொண்ணூறு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான் என்ன சொல்ல? சாயத்தைப் பார்க்காமல் வெந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல? தெரியவில்லை என்றால் பூட்டு. 

ஏழுமலை முன்னால் வந்தார். சூளையின் நடு அடுக்கில் கை விட்டு ஒரு இன்சுலேட்டரை எடுத்தார், சுத்தியலால் ஒரே தட்டு. இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியை நாக்கில் வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மற்ற பாதியை, பத்தொன்பது வருடமும் நீட்டிய மாதிரியே, என் பக்கம் நீட்டினார்.

வாங்கினேன். புடவைத் தலைப்பில் துடைக்கக்கூட இல்லை. முதல் லாட்டில் ஒட்டுகிற இடத்தையும் ஒட்டாத இடத்தையும் சாயமே படாத துண்டில் சரியாகச் சொன்னது இந்த மனிதனுடைய நாக்குதான். முதலாளி பார்க்க, மேனேஜர் பார்க்க, லேப் பொறுப்பாளர் நான் நாக்கை வெளியே நீட்டி, உடைந்த பக்கத்தை அதன்மேல் வைத்து, எச்சிலில் அழுத்தி, கையை எடுத்தேன்.

துண்டு நாக்கில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வழுக்கி, சிமெண்ட் தரையில் விழுந்து, 'ணங்' என்று மணி அடித்த மாதிரி ஒலித்தது.

 "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் முதலாளி.

நல்ல தமிழில், விவரமாக, லேப் பொறுப்பாளர் சொல்கிற மாதிரி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏழுமலையைப் பார்த்தேன், கண் நிறைந்துவிட்டது. கோபம் இல்லாமலே எனக்கு வியாசர்பாடி வந்தது அன்றைக்குத்தான்.

"கம்பெனி கீது சார்!" என்றேன்.